சகாராப் பாலைவனத்தின் காலநிலை

சகாராப் பாலைவனம் உலகின் மிகப்பெரிய வெப்பப் பாலைவனம் ஆகும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடபகுதியில், மேற்கே அத்திலாந்திக்குப் பெருங்கடலில் இருந்து கிழக்கே செங்கடல் வரை ஏறத்தாழ 4,800 கிமீ நீளத்துக்குப் பரந்துள்ள இதன் பரப்பளவு சுமார் 92 இலட்சம் சதுர கிமீ ஆகும். அண்டார்க்டிக்கா போன்ற குளிர்ப் பாலைவனங்களையும் கணக்கில் கொண்டால் சகாரா முதலிடத்தைப் பெறாது. "சகாரா" என்னும் பெயர் பாலைவனத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்தது. எனவே "சகாராப் பாலைவனம்" என்பது கூறியது கூறலே எனினும், அவ்வாறே வழங்கி வருகிறது.

சகாராவின் பெரும்பகுதி மணற்குன்றுகளால் ஆனது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அதன் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கே மணற்பரப்பு. எஞ்சியவை பாறை மேடுகளும், சரளைக்கற் சமவெளிகளும், மலைகளும், வற்றிய ஆற்றுப் படுகைகளும் ஆகும். சாட் நாட்டின் திபெசுதி மலைத்தொடரில் உள்ள எமி கூசி என்னும் எரிமலை 3,400 மீட்டருக்கும் அதிகமான உயரம் கொண்டது. ஆகவே மணல் ஒரு நிலத்தைப் பாலைவனம் ஆக்குவதில்லை. மழையின்மையே ஆக்குகிறது. எகிப்தின் தென்பகுதியில் உள்ள அசுவான் நகரின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1 மிமீ மட்டுமே.

வெப்பமும் வறட்சியும்

பாலைவனங்கள் ஏன் வறண்டுள்ளன என்று கேட்டால், "அங்கே வெயில் அதிகம், அதனால் நீரெல்லாம் வற்றிவிட்டது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக் கூறுவது ஆகும். வெயில் மட்டுமே வறட்சிக்குக் காரணமாக இருந்தால், அதே ஆப்பிரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள கொங்கோ வடிநிலமும் பாலைவனமாக இருந்திருக்க வேண்டும். அங்கே கதிரவன் ஆண்டு முழுவதும் நண்பகலில் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மிமீ வரை மழை பெய்து அடர்ந்த காடு செழித்துள்ளது. நல்ல வெப்பம் மழைக்குத் தடையன்று. அதற்குத் துணை என்றே கூறவேண்டும்.

சகாராவைப் பொறுத்தவரை, முதலில் வறட்சி. அதன் பின்னரே கடும் வெப்பம். வறட்சிக்கான காரணம் தரையில் இல்லை. அது தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து காற்று மெல்லக் கீழிறங்கிக்கொண்டே இருப்பதால் அந்நிலத்தில் மழை முகில்கள் உருவாக இயலுவதில்லை.

காற்று ஏறும் இடமும் இறங்கும் இடமும்

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியசு (30 °செ) வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொண்டிருக்கலாம். 0 °செ வெப்பநிலையில் இது 5 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். உயரத்தில் நிலவும் -40 °செ போன்ற குளிரில் 0.2 கிராமுக்கும் குறைவு. ஆகவே ஈரமான காற்று மேலே ஏறிக் குளிரும்போது, தாங்க இயலாத நீராவி சிறு நீர்த்துளிகளாகி முகிலாகிறது, பின்னர் மழையாகிறது. மழை பெய்வதற்கு ஈரம் மட்டும் போதாது. அந்த ஈரத்தை மேலே தூக்கும் ஏற்பாடு ஒன்றும் வேண்டும்.

நிலநடுக்கோட்டுப் பகுதியில் இந்த ஏற்பாடு நாள்தோறும் நடைபெறுகிறது. கடலும் காடும் வெயிலில் சூடாகி, அவற்றின் மீதுள்ள ஈரக்காற்று இலேசாகி எழுகிறது. நீராவி நீராகும்போது அதனுள் அடங்கியிருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் சூடாக்குவதால், அது 15 கிமீ உயரத்துக்கும் மேலாக எழக்கூடும். எழும்போதே தன் ஈரத்தை ஏறத்தாழ முழுவதும் மழையாக இழந்துவிடுகிறது. அதற்கு மேல் செல்ல வழியின்றி, வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் விலகிச் செல்கிறது. புவி தன்னைத்தானே சுற்றுவதால் இக்காற்று நேராகத் துருவத்தை அடைவதில்லை. அது படிப்படியாகக் கிழக்கு நோக்கித் திரும்பி, சுமார் 30 பாகை அகலக்கோட்டின் அருகே விரைவான மேலைக்காற்றாக மாறிவிடுகிறது. இதற்கிடையில் விண்வெளிக்கு வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து குளிர்ந்து, 20 முதல் 35 பாகை வரையான அகலக்கோடுகளில் மெல்ல இறங்குகிறது. இறங்கிய காற்றின் ஒரு பகுதி தரையை ஒட்டி மீண்டும் நிலநடுக்கோட்டை நோக்கி வீசுகிறது. இதுவே பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் நன்கறிந்திருந்த வணிகக் காற்று ஆகும்.

இச்சுற்றை 1735 ஆம் ஆண்டில் விளக்க முயன்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்லி என்பவர். இவர் தொழிலால் வழக்கறிஞர். அவருடைய நோக்கம் வணிகக் காற்றுகள் ஏன் கிழக்கிலிருந்து வீசுகின்றன என்பதை விளக்குவதே தவிரப் பாலைவனங்களை அன்று. ஏறிய காற்று துருவம் வரை செல்கிறது என்று அவர் கருதியதும் பின்னர் திருத்தப்பட்டது. எனினும் அவர் நினைவாக இது இன்றும் "ஹாட்லி சுற்று" எனப்படுகிறது. அரேபியா, ஆத்திரேலியா, கலகாரி ஆகியவற்றின் பாலைநிலங்களும் இதே இறங்கு பட்டைகளில் அமைந்திருப்பது தற்செயலானது அன்று.

இறங்கும் காற்றில் நிகழ்வது

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாய் சூடாவதைப் பலர் கவனித்திருப்பர். காற்று அமுக்கப்படும்போது வெளியிலிருந்து வெப்பம் எதுவும் சேராமலேயே சூடாகிறது. வளிமண்டலத்தில் கீழே செல்லச் செல்ல அழுத்தம் கூடுவதால், இறங்கும் காற்றும் இவ்வாறே அமுக்கப்பட்டு, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 °செ வீதம் சூடாகிறது.

ஈரக்காற்று மேலே ஏறும்போது இதே வீதத்தில் குளிர்வதில்லை என்பது இங்கு முதன்மையானது. மழையாகும் நீராவி வெளிவிடும் உள்ளுறை வெப்பம் குளிர்ச்சியைக் குறைக்கிறது. வெப்ப மண்டலக் கடல்மட்டத்தில் 27 அல்லது 28 °செ வெப்பநிலையில் இருக்கும் காற்று, 5,800 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ -5 °செ அளவுக்கே குளிர்ந்திருக்கும். அக்காற்றை வழியில் வெப்பம் எதையும் இழக்க விடாமல் தரைக்கு இறக்கினால் அது 50 °செ வெப்பநிலையைத் தாண்டிவிடும். புறப்பட்ட இடத்தில் மழையாகப் பெய்த நீரின் வெப்பத்தை அது தன்னோடு கொண்டு வருகிறது என்று கூறலாம். உண்மையில் இறக்கம் மிக மெதுவானது. ஒரு நாளில் சில நூறு மீட்டர் மட்டுமே இறங்குவதால், வழியில் காற்று பெருமளவு வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கிறது. ஆகவே சகாராவின் 45 °செ வெப்பம் மேலிருந்து நேராக இறங்கி வந்தது என்று எண்ணுவது பிழை. மேலிருந்து வருவது வறட்சி. அந்த வறண்ட காற்றின் அடியில் வெயில் செய்யும் வேலையே தரையின் வெப்பம். இது பின்னர் விளக்கப்படும்.

இறங்கும் காற்றுக்கு மற்றொரு பண்பும் உண்டு. அது தன் கீழுள்ள காற்றின் மீது ஒரு மூடியைப் போல் அமைந்துவிடுகிறது. தரையில் சூடான காற்று எழ முயன்றாலும், மேலே தன்னைவிட இலேசான, சூடான படலம் ஒன்றைச் சந்தித்து நின்றுவிடுகிறது. முகில் தோன்றினாலும் வளர்வதில்லை. சில வேளைகளில் உயரத்தில் மழை தொடங்கி, துளிகள் தரையை அடையும் முன்னரே ஆவியாகிவிடுவதும் உண்டு. அண்ணாந்து பார்ப்பவருக்கு முகிலின் அடியில் சாம்பல் நிறத் தோரணம் தொங்குவது தெரியும். தரையிலோ ஒரு துளியும் விழாது.

சகாராவின் காற்றில் நீரே இல்லை என்பதும் சரியன்று. 40 °செ வெப்பநிலையும் 15% ஒப்பு ஈரப்பதமும் கொண்ட பாலைவனக் காற்றில் உள்ள நீராவி, 8 °செ வெப்பநிலையில் மூடுபனியில் மூழ்கிய இலண்டன் நகரக் காற்றில் உள்ளதற்கு ஏறத்தாழச் சமமானது. இலண்டனில் அது ஆடையை நனைக்கிறது. சகாராவில் அதே நீராவி உதட்டை வெடிக்கச் செய்கிறது. வேறுபாடு நீரின் அளவில் இல்லை. அந்நீரைத் துளியாக மாற்றும் குளிர்ச்சி கிடைக்கிறதா என்பதில் உள்ளது.

கோடைக்கால இறக்கமும் ஆசியப் பருவமழையும்

பாடநூல்கள் பெரும்பாலும் ஹாட்லி சுற்றோடு விளக்கத்தை முடித்துக்கொள்கின்றன. ஆனால் அதில் ஒரு குறை உள்ளது. ஹாட்லி சுற்று குளிர்காலம் நிலவும் அரைக்கோளத்திலேயே வலுவாக இருக்கும். வட அரைக்கோளத்தின் கோடையான சூன், சூலை, ஆகத்து மாதங்களில் வடபுறச் சுற்று மிகவும் தளர்ந்துவிடுகிறது. அப்படியானால் அம்மாதங்களில் சகாராவின் மீது இறக்கம் குறைந்து மழை பெய்யவேண்டும். ஆனால் கிழக்குச் சகாராவிலும் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியிலும் இறக்கம் வலுவாக இருப்பது அந்தக் கோடையில்தான்.

இப்புதிருக்கு மார்க் ராட்வெல், பிரையன் ஹாசுகின்சு ஆகிய வானிலையியலாளர்கள் 1996 இல் ஒரு விடை அளித்தனர். தெற்கு ஆசியாவில் பருவமழை பெய்யும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் மிகப் பெரியது. அது மேல்வளிமண்டலத்தில் மேற்கு நோக்கிப் பரவும் பேரலை ஒன்றைத் தோற்றுவிக்கிறது. அவ்வலையின் தாக்கத்தால், வடமேற்கிலிருந்து வரும் மிதவெப்ப மண்டலக் காற்று வட ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியை அடையும்போது சரிந்து இறங்குகிறது. இந்தியாவில் எழுந்த காற்றே நேராகச் சென்று சகாராவில் இறங்குகிறது என்று இதைக் கொள்ளக்கூடாது; இறங்கும் காற்று வேறு. அதை இறங்கச் செய்வது மட்டுமே பருவமழையின் வேலை. கணினி மாதிரியில் ஆசியப் பருவமழையின் வெப்பத்தை மட்டும் சேர்த்தபோது இவ்விறக்கம் தோன்றியது அவர்களுடைய முதன்மையான சான்று ஆகும். ஓரிடத்தின் பெருமழையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றோர் இடத்தின் வறட்சியும் ஒரே நிகழ்வின் இரு முனைகளாக இருக்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கோடையில் சகாராவின் தரைமட்டத்தில் நிலவுவது உயர் அழுத்தம் அன்று, தாழ்வழுத்தம் ஆகும். "தாழ்வழுத்தம் என்றால் மழை" என்று கற்ற மாணவருக்கு இது குழப்பம் தரலாம். கடும் வெப்பத்தால் தரையை ஒட்டிய காற்று இலேசாவதால் ஏற்படும் இத்தாழ்வழுத்தம் ஆழமற்றது. அதற்கு மேலே உயர் அழுத்தமே அமர்ந்துள்ளது. எழும் காற்று 5 அல்லது 6 கிமீ உயரம் வரை கலங்கிப் புழுதியைத் தூக்குகிறது. ஆனால் அதனிடம் மழையாக்குவதற்குப் போதிய ஈரம் இல்லை.

மலைகளும் கடல்களும்

மொரோக்கோ, அல்சீரியா, துனீசியா ஆகிய நாடுகளில் நீளும் அட்லசு மலைத்தொடர் (உயர்ந்த சிகரம் தூப்கால், 4,167 மீ) வடமேற்கிலிருந்து வரும் குளிர்கால மழையைத் தன் கடற்புறச் சரிவிலேயே பெற்றுக்கொள்கிறது. மேற்குக் கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த கேனரி நீரோட்டம் கடலோரக் காற்றைக் குளிர்வித்து நிலைப்படுத்துவதால், அக்கரையில் மூடுபனி உண்டு, மழை அரிது. கிழக்கிலிருந்து வரும் காற்று அரேபியாவைக் கடந்து வருவதால் ஏற்கனவே வறண்டது. இவை துணைக் காரணங்களே. அட்லசு மலைகள் இல்லாவிட்டாலும் சகாரா பாலைவனமாகவே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. லிபியாவின் கிழக்குப் பகுதிக்கும் எகிப்துக்கும் வடக்கே மத்தியதரைக்கடல் திறந்தே கிடக்கிறது, கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே பாலைவனம் தொடங்கிவிடுகிறது.

கடும் வெப்பத்தின் காரணம்

முகிலற்ற வானமே முதற் காரணம். சகாராவின் பெரும்பகுதி ஆண்டுக்கு 3,600 மணி நேரத்துக்கும் மேலாக வெயிலைப் பெறுகிறது. ஓர் ஆண்டின் மொத்தப் பகற்பொழுதே 4,400 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான். மேலும் சூன் மாதத்தில் 30 பாகை வட அகலக்கோட்டில் கதிரவன் உச்சிக்கு அருகில் இருப்பதோடு பகலும் 14 மணி நேரம் நீள்கிறது. இதனால் அம்மாதத்தில் வளிமண்டலத்தின் உச்சியை அடையும் வெயில், நிலநடுக்கோட்டைவிட அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் முதலாவதற்கு ஈடானது. ஈரமான நிலத்தின் மீது விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், 200 கன மீட்டர் காற்றை 10 °செ அளவுக்குச் சூடாக்கப் போதுமானது. வயலும் காடும் குளம் குட்டைகளும் இவ்வாறு வெயிலைச் செலவிட்டுத் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. மனித உடல் வியர்வையால் குளிர்வதும் இம்முறையிலேதான். சகாராவின் தரைக்கு வியர்ப்பதற்கு நீர் இல்லை. எனவே விழுந்த வெயில் முழுவதும் தரையையும் அதையொட்டிய காற்றையும் சூடாக்குகிறது. வறட்சியே வெப்பத்தை உண்டாக்குகிறது என்று முன்னர் கூறியதன் பொருள் இதுவே.

வெப்பநிலைப் பதிவுகள்

லிபியாவின் அல் அசீசியா என்னும் ஊரில் 1922 செப்டம்பர் 13 அன்று பதிவானதாகக் கூறப்பட்ட 58 °செ, தொண்ணூறு ஆண்டுகள் உலக உச்சமாகக் கருதப்பட்டு வந்தது. உலக வானிலையியல் அமைப்பு 2012 இல் இதனைச் செல்லாது என அறிவித்தது. பயிற்சி குறைந்த ஒருவர், தவறாகப் படிக்க எளிதில் இடந்தரும் வெப்பமானியிலிருந்து ஏறத்தாழ 7 °செ கூடுதலாகக் குறித்திருக்கலாம் என்பதும், சுற்றியுள்ள நிலையங்களின் பதிவுகளோடு அது ஒத்துப்போகவில்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. பழைய பொது அறிவு நூல்களில் இன்றும் இவ்வெண்ணைக் காணலாம். தற்போது உலக உச்சமாக ஏற்கப்பட்டுள்ள 56.7 °செ (1913), ஐக்கிய அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவானது. சகாராவில் அண்மைக்கால நம்பத்தகுந்த பதிவுகளுள் ஒன்று, அல்சீரியாவின் உவர்கலா நகரில் 2018 சூலை 5 அன்று பதிவான 51.3 °செ ஆகும்.

இரவுக் குளிர்

வறண்ட, முகிலற்ற காற்று தரையின் வெப்பத்தை விண்வெளிக்கு எளிதில் செல்ல விடுகிறது. உலர்ந்த மணல் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்துவதும் இல்லை. எனவே கதிரவன் மறைந்ததும் வெப்பநிலை விரைவாகக் குறைகிறது. பகலுக்கும் இரவுக்கும் 15 முதல் 20 °செ வரை வேறுபாடு காணப்படுவது இயல்பு. ஆனால் "பகலில் 50 °செ, அதே இரவில் உறைநிலை" என்று சில நூல்களில் காணப்படும் கூற்று மிகை. கோடை இரவுகள் பெரும்பாலும் 25 °செ அளவில் புழுக்கமாகவே இருக்கும். உறைபனி காணப்படுவது குளிர்கால இரவுகளிலும் உயர்ந்த இடங்களிலுமே. அல்சீரியாவின் அயின் செஃப்ரா நகரில் 1979 பெப்ரவரியில் பெய்த பனி மணற்குன்றுகளை மூடியது. 2016 திசம்பரிலும் அதற்குப் பின்னரும் மீண்டும் பனி பெய்துள்ளது.

பாலைவனம் தன்னைத் தானே நிலைநிறுத்துதல்

பச்சைக் காடு தன்மீது விழும் ஒளியில் 10 முதல் 15% வரை மட்டுமே திருப்பி அனுப்பும். சகாராவின் வெளிர்ந்த மணல் 35% அல்லது அதற்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. அதோடு கொதிக்கும் தரை, முகில் என்னும் போர்வையின்றி, பெருமளவு வெப்பக் கதிர்களை விண்வெளிக்கு வீசுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எதிர்பாராத முடிவு ஒன்று கிடைக்கிறது. உச்சக் கோடையிலும் சகாராவும் அதன் மேலுள்ள காற்றும், கதிரவனிடமிருந்து பெற்று வைத்துக்கொள்ளும் ஆற்றலைவிட விண்வெளிக்கு இழக்கும் ஆற்றலே அதிகம். இதனைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. உலகின் மிகச் சூடான நிலப்பரப்புகளுள் ஒன்று ஆற்றல் கணக்கில் நட்டத்தில் உள்ளது.

இந்த நட்டத்தை ஈடுசெய்வது எது என்பதை அமெரிக்க வானிலையியலாளர் சூல் சார்னி 1975 இல் விளக்கினார். ஆற்றலை இழக்கும் காற்று குளிர்ந்துகொண்டே போகாமல் இருக்கவேண்டுமானால், அது இறங்கி, அமுக்கத்தால் சூடாகவேண்டும். ஆகவே இறக்கம் வறட்சியை உண்டாக்குகிறது. வறட்சி தாவரங்களை அழித்துத் தரையை வெளிறச் செய்கிறது. வெளிறிய தரை மேலும் இறக்கத்தை உண்டாக்குகிறது. மிகை மேய்ச்சலால் புல்வெளி அழிந்தால் மழையும் குறையும் என்று இதிலிருந்து அவர் ஊகித்தார். அவ்வூகம் சாகெல் பகுதிக்கு எந்த அளவு பொருந்தியது என்பது கீழே கூறப்படுகிறது.

பசுமைச் சகாரா

மேற்கூறியவற்றிலிருந்து சகாரா என்றும் பாலைவனமாகவே இருந்தது என்று முடிவு செய்யக்கூடாது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அதன் பெரும்பகுதி புல்வெளியாகவும் ஏரிகள் நிறைந்ததாகவும் இருந்தது. அல்சீரியாவின் தசீலி அச்செர் பகுதிப் பாறை ஓவியங்களில் ஒட்டகச்சிவிங்கிகளும் மாட்டு மந்தைகளும் தீட்டப்பட்டுள்ளன. எகிப்தின் தென்மேற்கு மூலையில் 1933 இல் கண்டறியப்பட்ட குகை ஒன்றில் நீந்துவோர் போன்ற உருவங்கள் உள்ளன. நைசர் நாட்டின் கோபெரோ என்னுமிடத்தில், இன்று நீரின் சுவடே இல்லாத பாலைநிலத்தில், ஏரிக்கரை மக்களின் இடுகாடு அகழப்பட்டுள்ளது. அக்காலச் சாட் ஏரி இன்றைய காசுப்பியன் கடலோடு ஒப்பிடத்தக்க பரப்பைக் கொண்டிருந்தது.

இதற்கான காரணம் புவியின் இயக்கத்தில் உள்ளது. ஓயப்போகும் பம்பரத்தின் தலையைப் போலப் புவியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. இதனாலும் புவிப்பாதையின் திசைமாற்றத்தாலும், புவி கதிரவனுக்கு மிக அருகில் வரும் நாள் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளில் பருவங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. தற்போது அது சனவரியில் நிகழ்கிறது. சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன்பு வட அரைக்கோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. அப்போது வடக்கின் கோடை வெயில் இன்றைவிட ஏறத்தாழ 7% அதிகம். நிலம் கூடுதலாகச் சூடானதால் கினி வளைகுடாவின் ஈரக்காற்று மேலும் வடக்கே இழுக்கப்பட்டது. மழைப்பட்டை சகாராவுக்குள் நுழைந்தது. யோன் குட்சுபாக் 1981 இல் கணினி மாதிரி கொண்டு இதனைக் காட்டினார். புல் முளைத்ததும் தரை கருமையடைந்து, சார்னி கூறிய சுழல் எதிர்த்திசையில் இயங்கியது. பின்னர் கோடை வெயில் படிப்படியாகக் குறைந்து, மழைப்பட்டை தெற்கே பின்வாங்கியது. மொரித்தானியாவை அடுத்த கடலடிச் சேற்றில் பாலைவனப் புழுதியின் அளவு ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்பு திடீரென உயர்ந்திருப்பது, சில இடங்களிலாவது இம்மாற்றம் விரைவாக நிகழ்ந்ததைக் காட்டுகிறது.

அக்காலத்திலும் அதற்கு முந்தைய ஈரக் காலங்களிலும் பெய்த மழை, எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளின் அடியில் உள்ள நூபிய மணற்கல் நீர்த்தேக்கத்தில் தங்கியுள்ளது. லிபியா 1984 இல் தொடங்கிய மாபெரும் செயற்கை ஆற்றுத் திட்டம் இந்நீரைக் குழாய்களின் வழியே கடற்கரை நகரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அதன் முதற்கட்டம் 1991 இல் நிறைவுற்றது. இன்றைய மழை இந்நீரை மீண்டும் நிரப்பப் போதுமானதன்று. எடுத்தது எடுத்ததே.

சாகெல்

சகாராவின் தென் எல்லையில் செனகல் முதல் சூடான் வரை நீளும் அரைவறள் நிலம் "சாகெல்" எனப்படுகிறது. "கரை" என்று பொருள்படும் அரபுச் சொல் இது. பாலைவனத்தைக் கடலாகக் கண்டவர்கள் இட்ட பொருத்தமான பெயர். ஆப்பிரிக்க மழைப்பட்டை ஆண்டுதோறும் கோடையில் வடக்கே நகர்ந்து, சில வாரங்கள் மட்டும் இங்கே நின்று, பின்னர் திரும்பிவிடும். அதன் பின் சகாராவிலிருந்து வரும் அர்மத்தான் என்னும் வறண்ட புழுதிக்காற்று வீசத் தொடங்கும். சாகெலின் வட விளிம்பில் ஆண்டு மழை 100 முதல் 200 மிமீ. தென் விளிம்பில் 600 மிமீ. மழைப்பட்டை வழக்கத்தைவிடச் சிறிது தெற்கே நின்றுவிட்டாலும் கம்பும் சோளமும் விளைவதில்லை, மேய்ச்சல் நிலம் காய்ந்துவிடுகிறது.

அவ்வாறே 1968 முதல் 1973 வரையிலும், மீண்டும் 1983, 1984 ஆம் ஆண்டுகளிலும் நிகழ்ந்தது. பெரும் பஞ்சம் ஏற்பட்டு எண்ணற்ற மக்களும் கால்நடைகளும் மடிந்தனர். 1960களில் சுமார் 25,000 சதுர கிமீ இருந்த சாட் ஏரி, 1980களின் நடுப்பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. பழி முதலில் சாகெலின் ஆயர்கள் மீது விழுந்தது. அவர்களுடைய ஆடு மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்ததே மழை குறையக் காரணம் என்று, சார்னியின் கருத்தைத் துணைக்கொண்டு, பலரும் கூறினர். பின்னர் நடந்த ஆய்வுகள், குறிப்பாக 2003 இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு, கடல்களின் வெப்பநிலை மாற்றமே மழைப்பட்டையைத் தெற்கே தள்ளிய முதன்மைக் காரணம் என்று காட்டின. தரையின் மாற்றம் அவ்வறட்சியை நீட்டித்திருக்கலாம், தொடங்கி வைக்கவில்லை. இத்திருத்தம், பஞ்சத்தில் அனைத்தையும் இழந்த மக்களே அப்பஞ்சத்துக்குக் காரணம் என்னும் குற்றச்சாட்டின் பெரும்பகுதியை நீக்கியது.

1990களுக்குப் பின்னர் சாகெலின் மழை ஓரளவு மீண்டுள்ளது. எனினும் 1920 முதல் 2013 வரையிலான மழைப் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று, மழையளவை எல்லையாகக் கொண்டால் சகாராவின் பரப்பு அக்காலத்தில் ஏறத்தாழ 10% கூடியுள்ளது என்று கணக்கிட்டது. இதில் ஒரு பகுதி இயற்கையான ஏற்ற இறக்கம்; மற்றொரு பகுதி மனிதரால் விளைந்த புவி சூடாதல் என்பது அவ்வாய்வின் முடிவு. வட விளிம்பில் நிகழக்கூடியது பற்றிக் காலநிலை மாதிரிகள் பெரிதும் ஒத்த கருத்தைத் தருகின்றன: மத்தியதரைக்கடலை ஒட்டிய நிலங்கள் மேலும் வறளும். தென் விளிம்பைப் பற்றி அவை ஒத்துப்போவதில்லை. சில மாதிரிகள் சாகெலுக்குக் கூடுதல் மழையைக் காட்டுகின்றன, சில குறைவான மழையைக் காட்டுகின்றன. 2024 செப்டம்பரில் மொரோக்கோவின் தென்கிழக்குப் பகுதியில் இரண்டே நாட்களில் ஓராண்டு மழைக்கும் மேலாகப் பெய்து, சுமார் ஐம்பது ஆண்டுகளாக வற்றிக் கிடந்த இரிக்கி ஏரியில் நீர் நின்றது. செய்மதிப் படங்களில் அது மஞ்சள் நிலத்தின் நடுவே ஒரு நீலத் திட்டாகத் தெரிந்தது.